மூன்று டப்பா பாக்கி

மாதக் கடைசி சனிக்கிழமை
பள்ளிக்கூட வாசலில் சாக்கை விரிக்கிறேன்.
பெற்றோர் சங்கத்தின் பொருளாளர் நான்.
பொருள் என்று இருப்பது அரிசி.
அளவு என்று இருப்பது
காகிதம் உரிந்த ஒரு கெட்டிப்பால் டப்பா.
கபுவாக்கா என்போம் அதை, மடகாஸ்கர் முழுக்க.

பிள்ளைக்கு ஐந்து டப்பா, தலை தட்டி.
சுவாசாரா மட்டும் குவித்துக் கொட்டுவாள்,
அவளுக்குப் பள்ளி வயதில் பிள்ளையே இல்லை.
தகரக் கூரையும் தராசும் உள்ள ஜாவுதுடி
ஆள்வசம் அனுப்புவது
நொய்யும் கல்லும்.
நாற்பத்தொரு வீடும் கொடுத்தால் ஒரு சாக்கு நிறையும்.
ஒரு மாதமும் நிறைந்ததில்லை.

அளக்கும்போது பெலாலாஹி வாத்தியார்
இந்தப் பக்கம் பார்ப்பதில்லை.
உள்ளே கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பார்,
ஏற்கெனவே துடைத்த கரும்பலகையை.

படியளக்கிறோம் என்று சொல்ல வாய் கூசுகிறது.

சாக்கைச் சைக்கிளில் கட்டும்போது
நன்றி சொல்வார்.
உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் சோப்புக்கும்
அந்த அரிசியிலேயே பாதியை விற்பார்
என்பது எல்லோருக்கும் தெரியும்.
வாங்குவது ஜாவுதுடி.
கல்லுக்கு விலை கழித்துக்கொள்வான்.

நவம்பரில் வனிலா பூக்கும்.
விடியலில் விரிந்தது உச்சிக்குள் வாடிவிடும்.
அதற்குள் ஒவ்வொரு பூவையும்
எலுமிச்சை முள்ளால் மெல்லத் திறந்து
மகரந்தத்தை விரலால் அழுத்த வேண்டும்.
வண்டு செய்யாத வேலை எங்கள் தீவில்.
வாத்தியார் விரல் சாக்பீஸ் பிடித்த விரல்,
ஒரு பூ கிழியாது.
கூலிக்கு அவரைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.
போன நவம்பரில் பதினோரு நாள்
பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.

அந்தப் பதினொன்றில் இரண்டு நாள்
என் கொடிகளில்.

எழுதிவிடுகிறேன், கணக்கு என் கையில்தானே இருக்கிறது:
ஒரு காலைக்கு நான் கொடுத்த கூலியில்
பத்து டப்பா அரிசி வாங்கலாம்.
என் மகனுக்கு இரண்டு மாதம்.
அன்றைக்கு என் பெயருக்கு நேரே
மூன்று டப்பா பாக்கி.

அவர் அதைப் பேசவில்லை.
கொடிக்குக் கொடி நகர்ந்துகொண்டே சொன்னார்:
“உங்கள் பையன் கெட்டிக்காரன்.
கடன் வாங்கிக் கழிக்கும்போதுதான்
பக்கத்து இலக்கத்தில் வாங்கியதை
மறந்துவிடுகிறான்.”

முள் என் விரலில் ஏறியது.

காய் பச்சையாய்த் தொங்கும் காலம்
திருடனுக்குப் பயந்து
தக்கையில் ஊசி செருகி ஒவ்வொரு காயிலும்
அவரவர் குறியைக் குத்திவைப்போம்.
நான்கு புள்ளியும் ஒரு வளைவும் என் குறி.
சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்:
வீட்டுக்கு ஒரு கொடி.
அதன் காயில் பள்ளிக்கூடத்துக் குறி.
அந்தலாஹாவில் விற்று, காசாக, கையில்,
மாதம் தவறாமல்.

ஜாவுதுடி எழுந்தான்.
“வாத்தியார் சம்பளம் அரசாங்கம் தர வேண்டியது.”
சரிதான்.
அவன் வாயிலிருந்து வந்தாலும் சரிதான்.
நாமும் கைநாட்டு வைத்து நான்கு மனு அனுப்பினோம்.
ஒவ்வொரு வருஷமும் பட்டியல் வருகிறது,
அதில் அவர் பெயர் வருவதில்லை.
ஐந்தாவது மனுவும் எழுதுவோம்.
அது போய்ச் சேரும்வரை
அவர் எதைச் சாப்பிடுவார், ஜாவுதுடி,
உன் நியாயத்தையா?

பதினேழு கை உயர்ந்தது.
மற்றவர்கள் கால் விரலைப் பார்த்தார்கள்.
பதினேழு கொடி ஒரு சம்பளம் ஆகாது,
எனக்கும் கூட்டத் தெரியும்.
இருந்தாலும் குறி செய்துவிட்டோம்,
ஒரு சதுரம், நடுவில் ஒரு புள்ளி.
கரும்பலகை என்றாள் சுவாசாரா.
எனக்கு அது அரிசி டப்பாவை
மேலிருந்து பார்ப்பது போலத்தான் இருக்கிறது,
வட்டம் குத்த வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று டப்பாவைக் கொட்டிவிட்டேன்,
குவித்து.

மறுபடி மொட்டு வைத்திருக்கிறது.
இந்த முறை முள் என் கையில்.
தடித்த விரல்.
பத்துப் பூவுக்கு இரண்டு கிழிகிறது.

மேட்டிலிருந்து வாய்ப்பாடு கேட்கிறது,
ஏழாம் வாய்ப்பாடு, பாதியில் தடுமாறி.

கிழியட்டும்.